எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதுக்கு வண்ணமும் மாவும்: வீட்டில் செய்கிறவர்கள் சொல்லுங்கள்

செந்தூல் அம்மா

என் மகளுக்கு ஒன்றேகால் வயது. எது கிடைத்தாலும் முதல் சோதனை நாக்கில்தான். மெழுகு வண்ணக்குச்சியைக் கடித்துத் துப்பிய நாளிலிருந்து அந்தப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஆனால் அக்கா மகன் தாளில் கிறுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குக் கை துறுதுறுக்கிறது. இணையத்தில் தேடினால் உப்பு மாவு, தயிர் வண்ணம் என்று செய்முறைகள் கொட்டிக் கிடக்கின்றன. பாதிப் பொருள்கள் இங்கே எந்தப் பெயரில் கிடைக்கும் என்பதே தெரியவில்லை.

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடு. பால்கனி இல்லை, தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். நம் மளிகைக் கடைப் பொருள்களைக் கொண்டு விரலால் தீட்டும் வண்ணமும் பிசையும் மாவும் செய்ய வழி சொல்லுங்கள். ஒரு வாய் தின்றுவிட்டாலும் நான் பதறக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

பாயான் லெப்பாஸ் அக்கா

வண்ணத்துக்கு நான் செய்வது வெறும் கஞ்சிதான். சோளமாவு 4 மேசைக்கரண்டி, தண்ணீர் ஒன்றரைக் கப். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். பால் போலிருந்த கரைசல் திடீரென்று பளபளத்துக் கரண்டியில் ஒட்டும். அப்போதே இறக்கிவிடாமல் ஒரு நிமிடம் குமிழ் விடட்டும். கடையில் ‘தெப்புங் ஜாகோங்’ என்று கேளுங்கள். வெள்ளையாக, விரலிடுக்கில் தேய்த்தால் கறகறவென்று இருப்பது. மஞ்சள் சோள மாவை வாங்கிவிட்டால் கூழ் கிடைக்கும், வண்ணம் கிடைக்காது.

நிறத்துக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எனக்குப் பிடித்த வேலையும் அதுவே. நீலத்துக்குச் சங்குப்பூ, அதாவது புங்கா தெலாங். அடியிலுள்ள பச்சைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு பிடிப் பூவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்தால் போதும். பினாங்கில் புலுட் தாய் தாய் பலகாரம் செய்கிறவர்கள் பசையரிசிக்கு நீலம் ஏற்றுவதும் இந்தப் பூவில்தான். அந்த நீலத் தண்ணீரிலேயே மாவைக் கரைத்துக் காய்ச்சுங்கள். ஆறியதும் இரண்டு கிண்ணமாகப் பிரித்து ஒன்றில் லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழிந்தால் குழந்தையின் கண்முன்னே அது ஊதாவாக மாறும். ஒரே பூ, இரண்டு நிறம்.

பச்சைக்குப் பாண்டான் இலை. நறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டி, இரவு முழுக்க ஐஸ் பெட்டியில் (குளிர்சாதனப் பெட்டியில்) அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே வெளிர் தண்ணீரும் அடியில் கரும்பச்சையும் பிரிந்திருக்கும். மேலே இருப்பதைக் கொட்டிவிட்டு அடியில் இருப்பதை மட்டும் எடுங்கள். பலர் எல்லாவற்றையும் சேர்த்து ஊற்றிவிட்டு ‘பாண்டான் நிறமே ஏறவில்லை’ என்கிறார்கள்.

சிவப்புக்கு பீட்ரூட், அல்லது உள்ளே சிவந்திருக்கும் டிராகன் பழம். இவற்றை மட்டும் அடுப்பில் இருக்கும்போது ஊற்றாதீர்கள். சூட்டில் நிறம் மங்கிப் பழுப்பாகும். கஞ்சி வெதுவெதுப்பாக ஆறிய பிறகு கலந்து, இரண்டு சொட்டு எலுமிச்சை விடுங்கள், நிறம் நிற்கும். இன்னொன்று: குழந்தை கணிசமாகத் தின்றிருந்தால் அடுத்த நாள் டயப்பர் சிவந்து கிடக்கும். இரத்தம் என்று நினைத்துக் கிளினிக்குக்கு ஓட வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் பாட்டி

சாப்பிடும் பொருளை மேசையில் பூசி விளையாடுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. சொன்னால் பழைய காலத்து ஆள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் இடியாப்பத்துக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டை கிள்ளிப் பிள்ளை கையில் கொடுப்போம். அதில் பாம்பு வரும், அடுப்பு வரும், பிள்ளையாரும் வருவார். வேலை முடிவதற்குள் அது கறுத்துப்போயிருக்கும், கோழிக்குப் போடுவோம். அதற்காகத் தனியாக ஒரு படி மாவு செலவழித்ததில்லை.

செராஸ் புது அப்பா

எங்கள் பையனுக்கு 8 மாதம். சோளமாவுக் கஞ்சியில் ஒரு கரண்டித் தேன் கலந்தால் பளபளப்பும் வரும், கெடாமலும் இருக்கும் என்று படித்தேன். செய்யலாமா?

கெப்போங் மருந்தாளர்

தம்பி, தேன் வேண்டவே வேண்டாம். 12 மாதம் நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூட கூடாது. அதில் போட்டுலிசம் நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றைத் தங்கவிடாது. கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரந்துவிடும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகா. உங்கள் பையன் ஏற்கெனவே தயிர் சாப்பிடுகிறான், ஒவ்வாமை இல்லை என்றால், சர்க்கரையில்லாத தயிரில் வேகவைத்து மசித்த ஊதா வள்ளிக்கிழங்கைக் கலந்து கொடுங்கள். உட்காரும் நாற்காலியின் தட்டே அவனுக்குத் தாள்.

இனி செந்தூல் அம்மாவுக்கு. உப்பு மாவைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். வழக்கமான செய்முறை 2 கப் மைதா, 1 கப் உப்பு, 2 கப் தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். ஒரு கப் தூள் உப்பு ஏறக்குறைய 290 கிராம். மொத்த மாவு ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆக, பிசைந்த மாவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உப்பு. பிள்ளை ஒரு சிறு நெல்லிக்காய் அளவு, ஒரு 10 கிராம் விழுங்கினால் இரண்டரை கிராமுக்கும் அதிகமான உப்பு உள்ளே போகிறது. 1 முதல் 3 வயது வரை நாள் முழுவதற்கும் 2 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை சொல்லும் அளவு. இரண்டு மூன்று உருண்டை உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் ஏறி வாந்தி, தாகம், மந்தம் என்று போகும். அளவு மீறினால் வலிப்பு வரை போகலாம். வீட்டில் நாய் வளர்க்கிறவர்களும் கவனிக்க வேண்டும், உப்பு மாவைத் தின்ற நாய்கள் செத்திருக்கின்றன.

‘சமையலறைப் பொருள்தானே’ என்ற தைரியத்தில்தான் இது நடக்கிறது. கடை மாவிலும் உப்பு உண்டு, ஆனால் அதை யாரும் தின்னச் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டில் செய்தது என்றால் நாம் கண்ணை எடுத்துவிடுகிறோம். அவசரத்துக்குத் தேசிய நச்சு மையம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது; எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ நேரே அவசர எண் 999.

செந்தூல் அம்மா

நல்ல வேளை, கேட்டேன். நாளைக்கு உப்பு மாவுதான் செய்வதாக இருந்தேன். உப்பே போடாமல் மைதாவும் தண்ணீரும் எண்ணெயும் மட்டும் பிசைந்து கொடுத்தால் சரியாக இருக்குமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் தாடிகா டீச்சர்

பச்சை மைதாவும் வேண்டாம். மாவு பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் அது வேகாத தானியம். ஈ.கோலை, சால்மொனெல்லா இரண்டும் மாவினால் பரவிய சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வெறும் சட்டியில் வறுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வீட்டில் அப்படி வறுப்பதை நம்ப வேண்டாம் என்கிறது. உலர்ந்த மாவில் கிருமி சூட்டைத் தாங்கிக்கொள்ளும். சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதுமில்லை. தண்ணீரோடு வேகவைப்பதுதான் வழி.

அதனால் எங்கள் தாடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், கொழுக்கட்டை மாவுதான். பாட்டி சொன்னதற்கு நெருங்கிய உறவு. ஒன்றரைக் கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு கப் அரிசி மாவைக் கொட்டி, அடுப்பை அணைக்காமலே கெட்டியாகக் கிளறி மூடிவிடுவோம். அரிசி மாவோடு ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு சேர்த்தால் இழுவை கிடைக்கும், வெடிக்காது. பிசைந்து உருட்டி இட்லித் தட்டில் பத்து நிமிடம் ஆவியில் வைத்துவிட்டால் எனக்கு முழு நிம்மதி. ஆறியதும் எண்ணெய்க் கையால் மறுபடி பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். வெறும் காற்றில் அரை மணி நேரத்தில் காய்ந்து விரிசல் விடும். எங்கள் வகுப்பில் மின்விசிறி சுழன்றுகொண்டே இருப்பதால் இன்னும் வேகம்.

உப்பு இல்லை என்றால் ஆயுள் இல்லை. இது பலருக்குப் பிடிக்காத சேதி. உப்பு மாவைப்போல் வாரக்கணக்கில் டப்பாவில் வைக்க முடியாது, இதை இன்றைய சோறாகவே நினைக்க வேண்டும். சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது விதி. சமைத்த அரிசியில் வேகவைத்தும் சாகாத வித்துகள் உண்டு, நம் ஊர்ச் சூட்டில் அவை விழித்துக்கொள்ளும். நான் காலையில் செய்து, விளையாட்டு முடிந்ததும் குப்பையில் போட்டுவிடுகிறேன். எச்சில் பட்ட மாவை ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் எடுப்பதில்லை. கை படாத உருண்டையை மட்டும் மூடி வைக்கலாம், அதுவும் அடுத்த நாள் வரைதான்.

ஆயர் ஈத்தாம் பாட்டி

கொழுக்கட்டையைச் செய்து குப்பையில் போடுகிறாராம். டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு மனம் கேட்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் தாடிகா டீச்சர்

பாட்டி, ஒரு கப் மாவில் ஏழு பிள்ளைகள் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்த இடத்தில் இருக்கிறார்கள். இதைவிட மலிவான அமைதி எனக்குத் தெரிந்து இல்லை.

வங்சா மாஜு அப்பா

எல்லோரும் கிருமியையும் உப்பையும் பேசுகிறீர்கள். எனக்கு வேறொரு சந்தேகம். இன்றைக்கு நாமே செந்தூல் அம்மாவின் மகளுக்கு நீலக் கஞ்சியைக் கொடுத்து, அவள் நக்கினால் சிரித்துப் படமும் எடுக்கிறோம். நாளைக்கு அக்கா மகனின் போஸ்டர் வண்ணப் புட்டி கையில் கிடைத்தால் அதையும் நக்க மாட்டாளா? வாயில் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொடுக்க வேண்டிய வயதில் வைக்கலாம் என்று கற்றுக்கொடுப்பதாகவே எனக்குப் படுகிறது. என் மகளுக்கு இரண்டு வயது வரை வண்ணமே கொடுக்கவில்லை. தண்ணீரும் தூரிகையும் கொடுத்தேன். குளியலறைச் சுவரில் தீட்டுவாள், காயும், மறுபடி தீட்டுவாள். அவளுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் தாடிகா டீச்சர்

தண்ணீரும் தூரிகையும் அருமையான யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றேகால் வயதுக்காரி நாம் கற்றுக்கொடுத்து வாயில் வைப்பதில்லை. அந்த வயதில் வாயும் ஒரு கைதான். நீலக் கஞ்சி கொடுக்காவிட்டாலும் செருப்பை நக்குவாள். நான் செய்வது இவ்வளவுதான்: வண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலோ கரண்டியோடோ கொடுப்பதில்லை. உணவு மேசையில் அல்ல, தரையில் மாஜோங் தாள் என்னும் பெரிய தாளை விரித்து அதன்மேல்தான். நக்கினால் சிரிப்பதுமில்லை, அலறுவதுமில்லை. ‘இது வண்ணம், தாளில் வை’ என்று கையைப் பிடித்துத் தாளில் வைப்பேன். படம் எடுப்பதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கைதட்டல் கிடைத்தால் பிள்ளை கிண்ணத்தையே காலி செய்துவிடும்.

வங்சா மாஜு அப்பா

நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, டீச்சர். ஆனால் செருப்பு விஷயத்தில் மறுத்துப் பேச முடியவில்லை.

செராஸ் புது அப்பா

தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகளை மனைவி வாங்கி வைத்திருக்கிறார். அதற்குப் பதில் ஜவ்வரிசி போடலாமா?

கெப்போங் மருந்தாளர்

அந்தப் பொட்டலத்தை இன்றைக்கே வீட்டைவிட்டு அனுப்புங்கள். ஒரு மணி வயிற்றுக்குள் போனாலும் அங்கேயும் ஊறிப் பருத்துக் குடலை அடைத்துவிடும். எக்ஸ்ரேயிலும் எளிதில் தெரியாது. 2023 இறுதியில் அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைகள் குழந்தைகளுக்கென்று அவற்றை விற்பதையே நிறுத்தின.

ஜவ்வரிசி போடலாம், ஆனால் சாகோ குலா மெலாக்கா இனிப்புக்கு வேகவைப்பதுபோல் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாத அளவுக்கு வெந்திருக்க வேண்டும். சிறு ஜவ்வரிசி மட்டும். பபிள் டீயில் போடும் பெரிய உருண்டை வேண்டாம், மூச்சுக்குழலை அடைக்கும் அளவு அது. காய்ந்த ஜவ்வரிசி மூக்குக்குப் போகும். திருநீற்றுப்பச்சை (சப்ஜா) விதையும் நன்றாக ஊறிய பிறகுதான். எட்டு மாதத்துக்கு இவை எல்லாமே அவசரம் என்பது என் கருத்து. கெட்டியான தயிரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ் அக்கா

தீபாவளி நெருங்குகிறது, ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பேரங்காடிகளில் சாயம் ஏற்றிய அரிசியால் பெரிய கோலம் போடுவார்கள், பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளுவார்கள். அந்த அரிசி பார்ப்பதற்கு மட்டும். பொட்டலத்தில் வரும் வண்ணக் கோலமாவும் பெரும்பாலும் கல்மாவுதான். வீட்டுக்கு வேண்டுமென்றால் அரிசியில் மஞ்சள் கரைசலோ சங்குப்பூச் சாறோ பிசறி, தட்டில் பரப்பி உலர்த்துங்கள். நிறம் கடைச் சாயம் போல் பளிச்சென்று இருக்காது, களிமண் பானைக்குரிய அடக்கம் இருக்கும். எனக்கு அதுதான் அழகு. ஆனால் வேகாத அரிசி மணியும் மூக்குக்குள் போகும், மூன்று வயதுக்கு மேல் தொடங்குங்கள்.

செந்தூல் அம்மா

பலகாரச் சாமான் கடையில் சிறு புட்டியில் விற்கும் உணவுச் சாயம் ஓரிரு சொட்டு விட்டால் தவறா? பூவும் இலையும் தேடி அலைய எல்லா நாளும் முடியாது.

கெப்போங் மருந்தாளர்

சட்டம் அனுமதித்த சாயம்தான், ஓரிரு சொட்டில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2007இல் ‘லேன்செட்’ இதழில் வந்த சவுத்தாம்டன் ஆய்வு, சில செயற்கைச் சாயங்களைப் பாதுகாப்புப் பொருளான சோடியம் பென்சோயேட்டோடு சேர்த்துக் கொடுத்தபோது சில குழந்தைகளின் துறுதுறுப்பு கூடியதைக் காட்டியது. அதன்பின் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. டார்ட்ராசின் மஞ்சள் அதில் ஒன்று. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் செயற்கைச் சாயங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறது. புட்டியில் பெயரும் உணவுக்குரியது என்ற குறிப்பும் இல்லாமல் தளர்வாக விற்கும் பொடியை மட்டும் தொடாதீர்கள்.

இயற்கை என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதுமில்லை. மஞ்சள் தூளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் கலந்தது வங்கதேசத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, 2019இல் வந்த ஆய்வுகள் அதை விரிவாகச் சொன்னன. சந்தையில் ‘குனிட் ஹிடுப்’ என்று பச்சை மஞ்சள் கிடைக்கிறதே, அதைத் துருவிப் பிழிந்தால் இந்தக் கவலை இல்லை. கறுப்புக்காகக் கரித்தூள் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். மருந்து எடுக்கும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கொக்கோவில் பழுப்பு வரும், அது போதும்.

ஆயர் ஈத்தாம் பாட்டி

பச்சை மஞ்சள் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மஞ்சள் கஞ்சியில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவக்கும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு, பிள்ளைக்குச் சுண்ணாம்பு கூடாது, வாய் வெந்துவிடும். சோடாவும் பெரியவர்கள்தான் போட வேண்டும். சட்டையில் மஞ்சள் பட்டு, சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறினால் பயப்படாதே, செந்தூல் அம்மா. அலசி வெயிலில் காயப்போடு. மஞ்சளை வெயில் தின்றுவிடும்.

டைல்ஸுக்கு நான் பொறுப்பில்லை.

செந்தூல் அம்மா

பாட்டி, கட்சி மாறிவிட்டீர்களே! டைல்ஸ் பரவாயில்லை, இடுக்கில் உள்ள வெள்ளைப் பூச்சுதான் கறைபடுகிறது. பழைய மழைக்காப்புத் துணியை விரிக்கப் போகிறேன். எறும்புக்கு என்ன செய்கிறீர்கள்? நேற்று மேசையில் இரண்டு சொட்டுக் கஞ்சி விட்டுப் போனதற்கே வரிசை கட்டிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் குடியிருப்பு நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் தாடிகா டீச்சர்

கஞ்சி காய்வதற்குள் ஈரத்துணியால் துடையுங்கள், காய்ந்தால் பசை. சர்க்கரையோ கெட்டிப்பாலோ கலந்த வண்ணம் செய்தால் இன்னும் பெரிய எறும்புப் படை வரும். கெட்டிப்பால் வண்ணத்தை ரொட்டித் துண்டில் தீட்டி வாட்டிக் கொடுக்கும் விளையாட்டு ஒன்று உண்டு, அது ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான தேநீர் நேரத்துக்குச் சரி. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம்.

தீட்டிய படத்தைச் சேர்த்து வைக்க ஆசைப்படாதீர்கள். நம் ஈரப்பதத்தில் கஞ்சி பூசிய தாள் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், கரப்பான் பூச்சியும் தேடி வரும். படம் பிடித்துக்கொண்டு தாளை எறிந்துவிடுங்கள். தாஸ்கா எனும் குழந்தைக் காப்பகத்திலோ பிறந்தநாள் விருந்திலோ பல பிள்ளைகளுக்குச் செய்வதாக இருந்தால் கோதுமை, பால், எள், கடலை ஒவ்வாமை பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நாங்கள் அரிசி மாவுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாயான் லெப்பாஸ் அக்கா

வெயில் கொளுத்தும் நாளுக்கு ஒன்று. சங்குப்பூத் தண்ணீரையும் பீட்ரூட் சாற்றையும் ஐஸ்குச்சி அச்சில் ஊற்றி உறையவையுங்கள். கைப்பிடி உள்ள அச்சாக இருக்க வேண்டும். சாதாரண ஐஸ் கட்டித் தட்டு வேண்டாம், அந்தக் கட்டி அப்படியே தொண்டைக்குள் போகும். தடித்த தாளில் தேய்த்தால் உருகிக்கொண்டே நிறம் ஓடும். சப்பினாலும் பூத்தண்ணீர்தான். சிறிதானதும் வாங்கிவிட்டு அடுத்ததைக் கொடுங்கள்.

செராஸ் புது அப்பா

சங்குப்பூ கோலாலம்பூரில் எங்கே கிடைக்கும்?

பாயான் லெப்பாஸ் அக்கா

காய்ந்த பூ, தேயிலை விற்கும் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். ஆனால் பக்கத்தில் யாருடைய வேலியிலாவது கொடி படர்ந்திருக்கும், கேட்டால் கை நிறையக் கொடுப்பார்கள். பூச்சி மருந்து அடித்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விதை வாங்கி வந்து சன்னல் தொட்டியில் ஊன்றினால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டாம். விதையும் காயும் மட்டும் பையனின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், அவை தின்பதற்கில்லை.